தங்கய்யாவுக்குப் பாடியவர்கள்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த பியூட்டி பார்லர் இருக்கிறது. தலை அலசும் மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் ரெம்சங்கி. வயது இருபத்து நான்கு. சாதாரண நாளில் இருபது தலை, ஞாயிற்றுக்கிழமை முப்பதுக்கு மேல். தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்களுக்குப் பேச்சுத் துணை வேண்டுமே. "நேப்பாளமாம்மா?" என்பார்கள். இல்லை. "மணிப்பூரா?" இல்லை. "அப்போ சைனாவா?" பர்மா என்று சொன்னால் பாதிப் பேர் அதோடு பேச்சை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் பர்மா நூடுல்ஸான அத்தோ எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று விசாரிப்பார்கள். அவள் பிழைப்பு அத்தோ விசாரணையாகவே போய்க்கொண்டிருந்தது.

அவள் ஊர் தஹான். பர்மாவுக்குள்தான், ஆனால் மிஸோரம் எல்லைக்குச் சமீபம். அங்கே அவர்கள் பேசுவது மிஸோ மொழி. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சண்டை அவர்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. அப்பா லியான்தங்கா சைக்கிள் ரிப்பேர்க்காரர். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு விடியற்காலையில் அப்பா மகளை எழுப்பி, ஒரு துணிப்பையையும் அவளுடைய கித்தாரையும் கையில் கொடுத்து, எல்லை தாண்டும் கூட்டத்தோடு அனுப்பிவைத்தார். "நீ முன்னால போ, நானும் தம்பியும் பின்னாடியே வர்றோம்" என்றார். இப்படிச் சொல்லி அனுப்பும் அப்பாக்கள் வருவதில்லை என்பது உலகத்துக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஐஸ்வாலில் அத்தை வீட்டில் ஒன்றரை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒரு தோழி கைகாட்டிய வழியில் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

தங்கியது மயிலாப்பூரில் கால்வாய் ஓரம், தேவானை வீட்டு மொட்டை மாடி அறையில். மேலே ஆஸ்பெஸ்டாஸ். தேவானை பட்டினப்பாக்கம் போய் மீன் எடுத்து வந்து தெருமுனையில் விற்பவள். அவளுடைய குரலுக்கு எதிர்க்கரையில் தூங்கும் நாய் எழுந்துவிடும். வாடகைக்கு விடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஆம்பள கீம்பள வரக்கூடாது. பாட்டு வேணா பாடிக்கோ, எனக்கின்னா."

பாட்டுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. தஹானில் அவள் ஒரு ஆள். சர்ச் பாட்டானாலும் கல்யாணப் பாட்டானாலும் ரெம்சங்கி கித்தாரோடு வந்தால்தான் களை கட்டும். இங்கே ராத்திரி ஏழரைக்கு பஸ்ஸில் நசுங்கி வந்து, குளித்து, சோற்றை வைத்துவிட்டு, கித்தாரை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். முதல் இரண்டு பாட்டில் மனசு கொஞ்சம் இளகும். மூன்றாவது பாட்டில் அழுகை வரும். ஏனென்றால் அந்தப் பாட்டுக்கெல்லாம் எதிர்ப்பாட்டு உண்டு, கேட்பவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கேட்க இருந்தது ஒரு பல்லி. அடையாறில் மிஸோக்காரர்கள் சிலர் ஞாயிறு மதியம் கூடிப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பார்லரில் எந்த நாள் லீவு கேட்டாலும் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேட்க முடியாது. அவளுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை.

அக்கம்பக்கம் இருக்கவே இருக்கிறதே என்று நினைக்கலாம். அக்கம்பக்கத்தை அவள் வந்த இரண்டாம் மாதமே கெடுத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அது அவள் கற்ற மரியாதையால் வந்த வினை.

சித்திரை மாதம் மூன்றாவது வீட்டு பொன்மணியின் புருஷன் இறந்துபோனான். பெயிண்டர். தெருவில் சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மேளம் கேட்டது. ரெம்சங்கி அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இளவட்டங்கள் எல்லாரும் போய் உட்கார்ந்து பாடுவார்கள். ஒருவர் வரி சொல்ல, கூட்டம் அதை வாங்கி இழுத்து இழுத்துப் பாட, ஒரு மத்தளம் மெதுவாக, நடக்கிற வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். செத்தவருக்காக இல்லை, வீட்டில் மிஞ்சியவர்கள் தனியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக. பாடத் தெரியாவிட்டாலும் போய் உட்கார வேண்டும். அதனால் அவளும் ஒரு பாக்கெட் டீத்தூளும் ஒரு கிலோ சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போய், பெண்கள் நடுவே மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளை வேடிக்கை பார்த்தார்கள், ஆனால் நல்ல பெண் என்றுதான் நினைத்தார்கள்.

அத்தோடு எழுந்து வந்திருந்தால் ஒன்றுமில்லை. பார்லர் முதலாளி ஜெயஸ்ரீ அவளுக்கு முதல் வாரமே ஒரு பாடம் நடத்தியிருந்தாள்: "யார் வீட்லருந்து கிளம்பினாலும் 'போறேன்'னு சொல்லக் கூடாது. 'போயிட்டு வரேன்'னு சொல்லணும். அதுதான் மரியாதை." ரெம்சங்கி அதை சிரத்தையாக மனப்பாடம் செய்திருந்தாள். இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்று ஜெயஸ்ரீ சொல்லவில்லை. யார்தான் சொல்லித் தருவார்கள்? நமக்கெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயம். ரெம்சங்கி எழுந்து, பொன்மணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவள் பேசிய தமிழிலேயே சுத்தமான தமிழில், நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா, போயிட்டு வரேன்."

மேளம் அடித்தவனே ஒரு அடி தவறினான். "அடிப் பாவி, இன்னா வார்த்தை சொல்லிட்டா!" என்று பொன்மணியின் நாத்தனார் கத்தினாள். திரும்ப இதே வீட்டுக்கு இதே காரியத்துக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே ரெம்சங்கி மாடி ஏறிவிட்டாள். மறுநாள் தேவானை தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். அதோடு ஆறிப்போயிருக்கும். ஆனால் கெட்ட நேரம், இரண்டே மாதத்தில் பொன்மணியின் மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அன்றிலிருந்து அவள் தெருவில் வந்தால் கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டன. தண்ணி லாரி வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு குடம் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். அவளும் தெருவில் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போனில் தம்பி ருவாதாவின் செய்தி வந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். காய்ச்சல், மருந்து இல்லை. ஊரை விட்டுக் காட்டோரம் பதுங்கியிருந்த இடத்திலேயே விடியுமுன் புதைத்துவிட்டார்கள். தம்பியோடு சேர்த்து மூன்று பேர். சத்தம் கேட்டால் ஆபத்து என்பதால் யாரும் பாடவில்லை. கடைசி வரியை ருவாதா தனியாக அனுப்பியிருந்தான்: "அக்கா, ஒரு வரி கூடப் பாடவில்லை."

ரெம்சங்கி பார்லருக்குப் போனாள். வேறு எங்கே போவது? அன்றைக்கு முகூர்த்த நாள், நாற்காலி காலியாகவே இல்லை. அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை, தலை அலசும் இடத்தில் ஈரமாக இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள். அப்பா போனது ஒரு துக்கம். ஆனால் அவளைப் போட்டு அரித்தது அந்தக் கடைசி வரி. ஊரில் எந்தக் கடைக்கோடி வீட்டில் சாவு விழுந்தாலும் கடையைப் பாதியில் மூடிவிட்டு, கிரீஸ் கையோடு போய் உட்கார்ந்தவர் அவர். அவருக்கு ஒரு வரி கூட இல்லை. இந்த உலகத்தில் இனிமேல் அதைச் செய்யக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். தேவானையிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏற்கெனவே வாய் வைத்தால் சாவு என்று பேர் வாங்கியவள், இப்போது சாவையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்றால் அறையும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இந்தப் பாட்டுக்குக் கித்தார் நரம்பை மீட்டக் கூடாது. அதனால் கித்தாரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் உள்ளங்கையால் மத்தளம் மாதிரி அடித்தாள். வரியைச் சொன்னாள். பிறகு அவளே கூட்டமாகி அதை வாங்கிப் பாடினாள். அடுத்த வரியைச் சொன்னாள். மறுபடி அவளே பாடினாள். பத்து நிமிஷத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது, இது நடக்கிற காரியம் இல்லை. ஊர் பாட வேண்டிய பாட்டை ஒருத்தி பாடினால் அது வெறும் புலம்பல். ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவள் மதியம் தாண்டியும் பாடிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டி, குரல் காற்றாக வந்துகொண்டிருந்தது.

கீழே மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த தேவானைக்கு எரிச்சல். "காலைலருந்து ஒரே பாட்டு. லவ்வு கிவ்வு புட்டுக்கிச்சா இன்னா இந்தப் பொண்ணுக்கு? தலைய வலிக்குது."

மழை வெறித்திருந்ததால் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த லாரன்ஸ் கையை நிறுத்தினான். லாரன்ஸுக்கு இரண்டு தொழில். ஆட்டோ ஓட்டுவது வயிற்றுக்கு. சாவு வீட்டில் கானா பாடுவது பேருக்கு. மயிலாப்பூர் முதல் சைதாப்பேட்டை வரை கால்வாய் ஓரம், ஆற்றோரம் எங்கே சாவு விழுந்தாலும், செத்தவரின் பேர், பிள்ளைகள், செய்த தொழில் எல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுவான். அவன் மேலே பார்த்துக் காது கொடுத்துக் கேட்டான்.

"தேவானக்கா, அது லவ் பாட்டு இல்ல."

"உனக்கு அந்த பாஷை தெரியுமா?"

"பாஷை இன்னாத்துக்கு? வரிக்கு வரி கடசில எப்டி இழுக்குது பாரு. அது எங்க பாட்டுக்கா. மேல எதுவோ சாவு ஆயிருக்கு."

தேவானை மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டினாள். அந்த உடம்புக்கு அது பெரிய காரியம். கதவை இடித்த இடியில் தாழ்ப்பாள் கழன்றிருக்கும், அதற்குள் ரெம்சங்கி திறந்துவிட்டாள். தேவானை அவள் முகத்தைப் பார்த்தாள். "யாரு?" என்றாள்.

"அப்பா."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழம போன உசுருக்குச் செவ்வாக்கிழம வரைக்கும் வாயத் தொறக்காம கீறியே, நீ மனுசியாடி? ஒத்தையா உக்காந்து அயுவுறதுக்கு நாங்க இன்னா செத்தா பூட்டோம்?" கண்டபடி திட்டினாள். திட்டிக்கொண்டே கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்து, போட்ட துணியோடு உட்காரவைத்து, மூன்று குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாள். "சேதி கேட்டா தலைக்கு ஊத்தணும். இதுகூட உங்க ஊர்ல கெடையாதா?" இரண்டு வருடமாக ஊர்த் தலைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவள், குளிரில் நடுங்கிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்குள் வாசலில் ஒரு ஸ்டூல் வந்தது. அதன்மேல் போன், போனில் லியான்தங்காவின் படம். சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தேவானை நாலு முழம் சாமந்தியைச் சுற்றிவைத்து, விளக்கேற்றினாள். யாரோ நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். லாரன்ஸ் மட்டும் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினான். பொணம் எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது, இப்போது பாடுவது முறையா என்று அவனுக்குச் சந்தேகம். "நம்ம காதுல உயுந்த அன்னிக்குத்தான்டா நமக்குச் சாவு. ஆரம்பி" என்று தேவானை தீர்ப்புச் சொன்னாள்.

நாற்காலி இருந்ததே தவிர ஆள் இல்லை. தெருவில் கதவோரம் நின்று பார்த்தார்கள். யாரும் படி இறங்கவில்லை. ரெம்சங்கி அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள், அதனால்தான் சொல்லவே இல்லை. அந்த ஐந்து நிமிஷம் அவள் தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டிருந்தாள்.

முதலில் இறங்கி வந்தது பொன்மணி. நேராக வந்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பழக்கத்துக்கு அழுகிற அழுகை இல்லை அது. ரெம்சங்கி திக்கித் திக்கிச் சொன்னாள்: "அக்கா, நான் அன்னைக்கு... தப்பா சொல்லிட்டேன்..."

"அத்த வுடு. எழுவத்தெட்டு வயசு கெழவி, நாளுக்கு ஆறு சுருட்டு. நீ சொன்னதுக்கா போச்சு? சுருட்டுக்குப் போச்சு." மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி கட்டிக்கொண்டாள். "என் வூட்டுக்காரன் செத்தன்னிக்கு நீ மூணு மணி நேரம் பக்கத்துல குந்தின. என் கூடப் பொறந்தவளே அவ்ளோ நேரம் குந்தல. எனக்குத் தெரியாதா?"

பொன்மணியே இறங்கி வந்துவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்குத் தடை இல்லை. நாற்காலி நிறைந்து, படிக்கட்டு நிறைந்தது. லாரன்ஸ் விசாரணையை ஆரம்பித்தான். அப்பா பேரு? லியான்தங்கா. அது வாயில் நுழையாமல், "தங்கய்யா" என்று அவனே திருத்திக்கொண்டான். தொழில்? சைக்கிள் ரிப்பேர். "நம்மாளு!" என்றான். பிள்ளைங்க? இரண்டு. குடிப்பாரா? இல்லை. அது பாட்டுக்கு நஷ்டம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். ஊர்ல நல்ல பேரு எதுனால? ரெம்சங்கி யோசித்தாள். "யார் செத்தாலும் போவார். பாடுவார். நல்லா பாட மாட்டார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். தன்னுடைய பாட்டுகளை வாட்ஸாப்பில் போடுவது அவன் வழக்கம். போனில் பதிவைப் போட்டுவிட்டு டோலக்கைத் தட்டினான்.

*ஊரு சைக்கிளுக்கு எல்லாம்*
*காத்தடிச்ச தங்கய்யா – உன்*
*மூச்சுக் காத்து போச்சேன்னு*
*பொண்ணு நிக்குது இங்கய்யா*

*ஊரான் சாவுக்கெல்லாம் போயி*
*உக்காந்து பாடின தங்கய்யா – உன்னப்*
*பாட்டு இல்லாம அனுப்பிட்டா*
*பாவம் சேரும் எங்கய்யா*

இரண்டாவது அடியைத் தெருவே திரும்பப் பாடியது. மழையில் நனைந்த நாய்கூட நகரவில்லை. ரெம்சங்கிக்குப் பாதி வார்த்தை புரியவில்லை, அப்பா பேர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அத்தனை வாய்களில் அவர் பேர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

முடிந்ததும் அவள் லாரன்ஸிடம் கையை நீட்டி டோலக்கைக் கேட்டாள். அதை அவன் யாரிடமும் தந்ததில்லை. தந்தான். அவள் மெதுவாக அடித்தாள். "இன்னா இவ்ளோ ஸ்லோவா கீது?" என்று யாரோ கேட்க, தேவானை முறைத்தாள். ரெம்சங்கி ஒரு வரியைச் சொன்னாள். யாரும் வாய் திறக்கவில்லை. என்ன மொழி, எங்கே பிடிப்பது? மறுபடி சொன்னாள். "நீங்க... சேந்து" என்று கையால் காட்டினாள். அவள் சென்னையில் யாரிடமும் கேட்ட முதல் உதவி அதுதான். பொன்மணி ஆரம்பித்தாள், வார்த்தையைக் கடித்துத் துப்பி, ராகத்தை ஒப்பாரியில் கொண்டுபோய் விட்டாள். தேவானை மீன் கூவும் சுருதியில் சேர்ந்தாள். லாரன்ஸ் அடிக்குரல் கொடுத்தான். அடுத்த வரிக்குப் படிக்கட்டு முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஒரு வார்த்தை சரியில்லை, ஒரு ஸ்வரம் சரியில்லை. ஆனால் வரி சொல்ல ஒருத்தி, வாங்கிப் பாட ஒரு ஊர் இருந்தது. இருட்டும் வரை பாடினார்கள்.

லாரன்ஸ் அனுப்பிய கானா பதிவை அவள் அன்றே தம்பிக்கு அனுப்பினாள். ஒரு சாம்பல் டிக் மட்டும் விழுந்தது. அந்தப் பக்கம் சிக்னல் இல்லை, அல்லது தம்பியே இல்லை. புதன்கிழமை பார்லருக்குப் போனாள். அத்தோ விசாரணை நடந்தது. பஸ்ஸில் நசுங்கித் திரும்பி வந்தால் மாடிப்படியில் பொன்மணி வைத்துவிட்டுப் போன சோறு இருக்கும். சாப்பிட்டுவிட்டு டிக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கீழே பேச்சுச் சத்தம் கேட்கும். போய் உட்காரலாம்தான், உட்கார்ந்தாலும் அவளுக்குப் பேசத் தெரிந்த வார்த்தைகள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்பா இல்லாத தனிமைக்குச் சோறும் பேச்சும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பது நாள் ஒற்றை டிக் அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது டிக் இரண்டானது. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. மூன்று பேர் ஒரே கம்பளிக்குள் தலையை விட்டு, சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு காதாக மாற்றி மாற்றி வைத்துக் கேட்டோம் என்று ருவாதா எழுதியிருந்தான். மொழி புரியவில்லையாம். அப்பா பேர் மட்டும் பதினாறு தடவை வந்ததாம், எண்ணினானாம்.

"அக்கா, அவ்வளவு பேரும் யார்? அவர்களுக்கு அப்பாவைத் தெரியுமா?"

ரெம்சங்கி மாடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். தேவானை யாரிடமோ வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் யாருடைய சைக்கிளையோ தலைகீழாக நிறுத்திவைத்து, பொன்மணியின் மகன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வழியாகப் போன ஒருவர், "காத்து போச்சா? தங்கய்யாவக் கூப்புடு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தார்.

"தெரியும்" என்று தம்பிக்கு எழுதினாள்.